உப்பை நம்பிப் போட்ட தண்டவாளம்: அகஸ்தியம்பள்ளி நிலையமும் வேதாரண்யம் கரையோரத்துப் போக்குவரத்தும்

2023 ஏப்ரல் 8 அன்று சென்னையில் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த ரயில்களில் இரண்டு பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையைத் தொட்டன. ஒன்று தாம்பரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி, காரைக்குடி வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் விரைவு ரயில். மற்றது திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் இடையே 37 கிலோமீட்டர் மட்டும் ஓடும் டெமு என்ற டீசல் ரயில். மீட்டர் பாதையாக இருந்து 2004இல் மூடப்பட்ட அந்தத் தடத்தை 294 கோடி ரூபாய் செலவில் அகலப்பாதையாக மாற்றியிருந்தார்கள். இதனால் விளையும் பயனாக அரசின் அறிவிப்பு எடுத்துச் சொன்னது, அகஸ்தியம்பள்ளியிலிருந்து சமையல் உப்பும் தொழிற்சாலை உப்பும் எளிதாக வெளியூர் போகும் என்பதை.

பத்தொன்பது ஆண்டுகள் ரயிலைக் காணாத ஊரின் மக்களுக்கு முன்னால் உப்பு வந்து நின்றதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த நிலையத்தின் வரலாறு முழுவதும் அப்படித்தான். கிளைத்தடங்கள் மூடப்பட்ட கதை பேசப்படும்போதெல்லாம் ‘பயணிகள் குறைவு, நஷ்டம்’ என்ற ஒரே காரணம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அகஸ்தியம்பள்ளியின் கதையைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் காரணம் தலைகீழாக இருப்பது தெரியும். பயணிகள் குறைந்ததால் ரயில் நலிந்தது என்பதைவிட, தடத்தின் அகலம், அது போய்ச் சேரும் திசை, சரக்கை ஏற்றும் முறை, மாவட்ட எல்லை ஆகியவற்றில் ஊரைக் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவுகள் பயணிகளைப் பேருந்துக்குத் தள்ளின என்பதே பொருத்தமான விளக்கம். இக்கட்டுரையின் வாதம் அதுதான்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். வங்கக் கடற்கரை நாகப்பட்டினத்திலிருந்து நேர் தெற்காக இறங்கி, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்குச் சற்று வடக்கே வேதாரண்யம். அதை ஒட்டித் தெற்கே அகஸ்தியம்பள்ளி. இன்னும் தெற்கே காடும் கடலும் சூழ்ந்த கோடிக்கரை. மூன்றுமே தேவாரத்தில் இடம்பெற்ற தலங்கள். அகத்தியான்பள்ளியைச் சம்பந்தரும், கோடிக்கரைக் குழகரைச் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். ஆடி, தை அமாவாசைகளில் கோடிக்கரையிலும் வேதாரண்யத்திலும் கடலாட வரும் கூட்டம் இன்றும் குறையவில்லை. ஆனால் ஊரின் பொருளாதாரத்தைத் தாங்கியது கோயில்களுக்கு மேற்கிலும் தெற்கிலும் விரிந்த உவர்ச்சதுப்பு. வெயில் காலத்தில் அங்கே உப்பு தானாகவே பூத்துக் கிடக்கும். தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கு அடுத்த பெயர் வேதாரண்யம்.

உப்பு ஒரு விசித்திரமான சரக்கு. எடை மிகுதி, விலை சொற்பம். ஒரு மழையில் அம்பாரம் கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அள்ளி, குவித்து, கீற்றுப் போட்டு மூடி, விற்க வேண்டியதை விற்றுவிட வேண்டும். இப்படிப்பட்ட பொருளுக்கு உற்பத்திச் செலவைவிட வண்டிச் சத்தமே பெரிய கணக்கு. ஆகவே உப்பளக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவலைப்பட்டது பாத்தியைப் பற்றி அல்ல, பாதையைப் பற்றி.

அந்தக் கவலைக்கு ஆங்கிலேய அரசு கண்ட முதல் விடை தண்டவாளமன்று, தண்ணீர். 1860களில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே உப்பைத் தோணியில் கொண்டுபோக வெட்டப்பட்டது வேதாரண்யம் கால்வாய். சுமார் 57 கிலோமீட்டர் நீளம். கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடி, காவிரியின் கடைமடை ஆறுகளையும் வடிகால்களையும் குறுக்கே வெட்டிச் செல்லும் இந்தக் கால்வாய் நேராகத் துறைமுகத்தில் போய் முடிந்தது. வேதாரண்யத்துக்கு எது இயல்பான திசை என்பதை இது காட்டுகிறது. வடக்கே நாகப்பட்டினம்தான் கடல் வாணிகத்துக்கும் கச்சேரி வேலைக்கும் உரிய பட்டணம். ஆற்று வண்டலும் புயலும் கால்வாயைத் தூர்த்துக்கொண்டே இருந்தது வேறு விஷயம். திசை மட்டும் சரியாக இருந்தது.

ரயில் வேறு திசையில் வந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சை வழியாகத் திருச்சிக்கு 1861–62ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட தடம் தமிழகத்தின் மிகப் பழைய தடங்களில் ஒன்று. கிரேட் சதர்ன் கம்பெனி அதை அகலப்பாதையாகவே போட்டது. 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவான பிறகு, சிக்கனம் கருதி அதை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அதையே மறுபடி அகலப்படுத்தினார்கள். காவிரிப் படுகை ஒரே மண்ணில் அகலம், குறுக்கம், மீண்டும் அகலம் என்று மூன்று முறை தண்டவாளம் போட்ட நிலம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொல்லப்பட்ட காரணம் சிக்கனமும் திறனும்தான்.

பெரிய கம்பெனிகள் முதன்மைத் தடங்களில் கண்ணாக இருந்தபோது, உள்ளூருக்கு ரயில் கேட்டு எழுந்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. இந்த அத்தியாயம் தமிழக ரயில் வரலாற்றில் உரிய கவனம் பெறாதது. சற்று நின்று பார்க்கத் தக்கது. நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்று தனி வரி ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தஞ்சை மிராசுதார்களும் குடியானவர்களும் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை போடப்பட்ட பாதை 1894இல் திறக்கப்பட்டது. பாதை போர்டின் சொத்து. வண்டியை ஓட்டித் தந்தது தென்னிந்திய ரயில்வே. அடுத்த பத்தாண்டுகளில் அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தன் பணத்தில் அமைத்த முதல் ரயில்பாதைகளில் இதற்கு இடமுண்டு. பிற்பாடு திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கும், போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் போர்டுகளின் முயற்சியில் ரயில் போனதற்குத் தஞ்சை முன்னோடி.

ரயில்வே என்றாலே லண்டன் பங்குதாரர்களின் முதலீடு, அதற்கு அரசு உத்தரவாதம் தந்த வட்டி, இந்தியச் செல்வம் வெளியேறிய கதை என்று எழுதுவது வழக்கம். பெருந்தடங்களுக்கு அது உண்மை. ஆனால் திருத்துறைப்பூண்டித் தண்டவாளத்தில் உழவனின் வரிப்பணம் கிடந்தது என்பதும் உண்மை. பணம் ஊருடையது என்பதற்காக முடிவும் ஊருடையதாக இருந்துவிடவில்லை. போர்டின் தலைமையில் இருந்தவர் கலெக்டர். கட்டணமும் நேரமும் கம்பெனியின் கையில். வரி கட்டியவனுக்குக் கிடைத்த உரிமை, டிக்கெட் வாங்கி ஏறுவது மட்டுமே.

திருத்துறைப்பூண்டியிலிருந்து தென்கிழக்கே வேதாரண்யத்துக்கு ஒரு கிளை பிரிந்தது முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில். கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று சிற்றூர்களைத் தொட்டு வேதாரண்யம் வந்தது. 1930களில் காட்டுக்குள் புகுந்து கோடிக்கரை வரை போனது. வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். கால்வாய் கரையோரமாக வடக்கே போனது. ரயிலோ கடலுக்கு முதுகு காட்டி உள்நாட்டை நோக்கிப் போனது. உப்பு போக வேண்டியது திருச்சி, மதுரைச் சந்தைகளுக்கு என்றால் இந்தத் திசையில் குறை காண முடியாது. மனிதன் போக வேண்டியது நாகப்பட்டினத்து மருத்துவமனைக்கும் கோர்ட்டுக்கும் என்றால்? வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் சாலை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். ரயிலில் திருத்துறைப்பூண்டி, திருவாரூர் சுற்றிப் போனால் 80 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் வண்டி மாறி. ஆயினும் அன்று மாவட்டத் தலைநகர் தஞ்சாவூர். அங்கே போக உள்நாட்டு ரயில் ஏற்றதுதான். இந்தப் பொருத்தம் எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர் படை நடந்தே 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தது. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளிச் சதுப்பில் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். ரயிலேறினால் ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கக்கூடிய தொலைவை அவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தது ஊர் ஊராகப் பேசிக்கொண்டு போவதற்காக. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை என்று கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடுகளையும் தோளில் சுமந்தவர் வேதரத்தினம் பிள்ளை. இன்று அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது, ஆண்டுதோறும் ஏப்ரல் 30இல் உப்பு அள்ளும் நிகழ்ச்சி நடக்கிறது. போக்குவரத்து வரலாற்றுக்கு இந்தப் போராட்டம் விட்டுச் சென்ற குறிப்பு வேறு. உப்பு அரசின் ஏகபோகமாகவும் வரி மூலமாகவும் இருந்தவரை, அதை எந்த வழியில் வெளியே அனுப்புவது என்பது அரசு கணக்கிட்டு முடிவு செய்யும் விஷயமாக இருந்தது. 1947இல் உப்பு வரி நீங்கியபின் உப்பு பல சிறு உற்பத்தியாளர்களின் சரக்காயிற்று. சரக்கின் தன்மை மாறியது. தண்டவாளம் அப்படியே கிடந்தது.

அதற்குள் சாலையில் போட்டி மூண்டுவிட்டது. 1920களிலேயே தஞ்சை மாவட்டத்தில் தனியார் பேருந்துகள் பெருகின. கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனியின் பேருந்துகளை அறியாத குடும்பம் அன்று டெல்டாவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. பர்மிட் தகராறில் அந்தக் கம்பெனி தொடுத்த வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை போய், மோட்டார் வாகனச் சட்டத்தின் மேற்கோள் வழக்குகளாகவே நிலைத்துவிட்டன. சாலையும் ரயிலும் ஒன்றையொன்று அரிப்பதைப் பார்த்து இந்திய அரசு மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளைக் கொண்டு 1933இல் அறிக்கை தயாரித்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பர்மிட் முறைக்குப் பின்னால் ரயிலைக் காக்கும் நோக்கமும் இருந்தது. ஆனால் வேதாரண்யம் போன்ற கரையோரத்தில் போட்டி என்ற சொல்லே அவ்வளவு பொருந்தாது. நாகப்பட்டினம் சாலையில் ரயில் இல்லை. பேருந்துக்கு அங்கே எதிராளி யார்?

1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபின் டெல்டாக் கிராமங்களுக்குள் அரசுப் பேருந்து நுழைந்தது. ரயிலால் முடியாத ஒன்றைப் பேருந்து செய்தது: வீட்டு வாசலுக்கு அருகே நின்றது. உப்பளத்துக்குப் போகும் பெண்ணுக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவருக்கும் தேவைப்பட்டது ஐந்து, பத்து கிலோமீட்டர் பயணம். வேதாரண்யத்துச் சுற்றுவட்டாரத்தில் முல்லைப் பூச் சாகுபடி பெருகிய பிறகு இன்னொரு தேவையும் சேர்ந்தது. விடியலுக்கு முன் பறித்த மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். பயணிகளையும் சரக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வரும் கலப்பு ரயிலுக்கு அந்தக் கூடை காத்திருக்காது. பேருந்தின் கூரையிலும் கடைசி இருக்கையின் ஓரத்திலும் பூ பயணம் செய்தது.

இந்த இடத்தில் ரயில்வேயின் சரக்குக் கொள்கையைப் பேசியே ஆகவேண்டும். ஏனென்றால் அகஸ்தியம்பள்ளியை உண்மையில் வீழ்த்தியது பயணியல்ல, வாகன். பழைய முறையில் ஒரு வியாபாரி ஒன்றிரண்டு வாகன் பதிவு செய்து உப்பு ஏற்றலாம். கலப்பு ரயிலின் பின்னால் கோத்து அதை இழுத்துப் போவார்கள். 1980கள் முதல் ரயில்வே சில்லறை வாகன்களைக் குறைத்து முழு ரேக்கையே, அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலையே, விரும்பத் தொடங்கியது. ரயில்வேயின் பார்வையில் அது நியாயமான முடிவுதான். ஷண்டிங் மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் இன்றைய அகலப்பாதையில் நாற்பதுக்கு மேற்பட்ட மூடு வாகன்கள் கொண்ட ஒரு ரேக் 2,500 டன் அளவுக்குக் கொள்ளும். நாலைந்து ஏக்கரில் உப்பு வாரும் சிறு உற்பத்தியாளர் அந்த ரேக்கை எப்போது நிரப்புவார்? பலர் சேர்ந்து நிரப்பினாலும், குறித்த மணிக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் தாமதக் கட்டணம். உப்பைத் தலைச்சுமையாக ஏற்றும் ஊரில் அந்தக் கெடு எவ்வளவு கடினம் என்பது ஏற்றியவர்களுக்குத்தான் தெரியும். லாரிக்காரர் பத்து டன் போதும் என்றார், அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினார். உப்பு லாரிக்குப் போனதை வியாபாரிகளின் குறை என்று சொல்வது சரியன்று.

இதன் மேல் வந்து விழுந்தது தட அகலப் பிரச்சினை. ஒரே அகலக் கொள்கை 1992இல் அறிவிக்கப்பட்டு, முதன்மைத் தடங்கள் ஒவ்வொன்றாக 1.676 மீட்டர் பாதைக்கு மாறின. மீட்டர் பாதையாகவே எஞ்சிய கிளைகள் தீவுகளாயின. அங்கிருந்து வெளியே போகும் உப்பை நடுவழியில் இறக்கி வேறு வாகனில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இறக்கமும் கூலி, ஒவ்வொரு ஏற்றமும் சேதம். பயணிக்கும் இதே கதிதான். தொலைதூர ரயிலோடு இணைப்பு அறுந்தபின் கிளை ரயிலில் ஏற அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? கோடிக்கரைப் பகுதி அதற்கு முன்பே கைவிடப்பட்டது. 2004இல் அகஸ்தியம்பள்ளியும் நின்றது. சென்னையையும் காரைக்குடியையும் திருவாரூர் வழியாக இணைத்த கம்பன் விரைவு ரயிலும் அடுத்த சில ஆண்டுகளில், விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது.

நஷ்டக் கணக்கு என்று சொல்லப்படுவதை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பை வெட்டியபின் எண்ணப்பட்ட பயணிகள் எண்ணிக்கை அது. வாய்க்காலின் மடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் தண்ணீர் அளப்பதுபோல.

டெல்டாவின் மற்ற கிளைகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. நீடாமங்கலம்–மன்னார்குடிக் கிளை 1976இல் மூடப்பட்டது. பயணிகள் இல்லாத ஊர் என்று கருதப்பட்ட மன்னார்குடிக்கு 2011இல் அகலப்பாதை வந்தபோது சென்னைக்கு நேரடி விரைவு ரயில் கிடைத்தது; கிளை மீண்டும் உயிர்பெற்றது. மயிலாடுதுறை–தரங்கம்பாடிக் கிளை 1986இல் மூடப்பட்டு இன்றுவரை திரும்பவில்லை. பேரளம்–காரைக்கால் தடம் அதே பத்தாண்டில் மூடப்பட்டது. அதைத் திரும்பப் போட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்த ஊர்களுக்கிடையே மக்கள்தொகையிலோ பயணத் தேவையிலோ அப்படியொன்றும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, கிளையின் முனையிலிருந்து பெருநகருக்கு வண்டி மாறாமல் போக முடியுமா என்பதில் இருக்கிறது. மன்னார்குடிக்கு அது வாய்த்தது. அரசியல் செல்வாக்கு அதற்கு உதவியிருக்கலாம். அதனால் பாடம் மாறிவிடாது.

அகஸ்தியம்பள்ளி வெறிச்சோடுவதற்கு முன்பே இன்னொரு பெரிய மாற்றம் நடந்தது. ரயில்வே ஆவணங்களில் அதற்கு இடமிருக்காது. 1991 அக்டோபரில் தஞ்சாவூர் மாவட்டத்தைப் பிரித்து நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் அமைந்தது. வேதாரண்யம் வட்டம் அதில் சேர்ந்தது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானபோது திருத்துறைப்பூண்டி அங்கே போனது. இதன் விளைவு: வேதாரண்யத்து மக்களின் கலெக்டர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், தலைமை மருத்துவமனை எல்லாம் வடக்கே கடற்கரையோரத்தில், அவர்களுடைய ரயிலோ அண்டை மாவட்டத்து ஊரில் போய் நிற்கிறது. உள்நாட்டு ரயிலுக்கும் தஞ்சைத் தலைநகருக்கும் இருந்த பழைய பொருத்தம் ஓர் அரசாணையில் முறிந்தது. அகலப்பாதையாக மாற்றும் திட்டம் தீட்டியபோது இதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பழைய தடத்தின் மேலேயே புதிய தடம் விழுந்தது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னையும் மாவும் சாய்ந்து சாலைகளை அடைத்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. சாலையை மட்டுமே நம்பியிருக்கும் கடலோரத்துக்கு மாற்றுப் பாதை ஆடம்பரமன்று என்பதை அந்த வாரம் காட்டியது. 

ஆனால் தடம் அகலப்பாதையாக மாறியது மட்டுமே ஊருக்கு ரயிலை மீட்டுத் தந்துவிடாது என்பதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019 ஜூனில் டெமு ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்த 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழிநெடுக இருந்த லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர் நியமனம் ஆகவில்லை. அதனால் ஊழியர் ரயிலிலேயே பயணம் செய்தார். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்து போய் மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இறங்கியவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். கோடிக்கணக்கில் செலவழித்துத் தண்டவாளம் போட்டவர்கள் கேட்டுக்கு ஆள் போட மறந்த இந்தக் காட்சியைப் பயணிகள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்; அடுத்த முறை பேருந்தில் போனார்கள்.

அகஸ்தியம்பள்ளி ரயில் திரும்பியபோது இன்னும் இரண்டு தடைகள் முன்னால் நின்றன. கொரோனாவுக்குப் பிறகு சாதாரணப் பயணிகள் ரயில்களிலும் விரைவு ரயில் கட்டணம் வாங்கப்பட்டது. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி குறைந்தது. மறுபக்கம், 2021 மே முதல் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தோப்புத்துறையிலிருந்து வேதாரண்யம் போகும் ஒரு பெண், இலவசப் பேருந்தை விட்டுவிட்டு, ஊருக்கு ஒதுக்குப்புறமான நிலையத்துக்கு நடந்து போய், பணம் கொடுத்து ரயிலேறுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாத எதிர்பார்ப்பு. ரயில் இனிமேல் அந்தக் குறுந்தொலைவுப் பயணத்தில் பேருந்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. அது ரயிலின் வேலையும் அன்று.

ரயிலின் வேலை எது? வேதாரண்யம் வட்டத்திலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் படிக்கவும் வேலைக்கும் மருத்துவத்துக்கும் போகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே போகிறார்கள். தாம்பரம்–செங்கோட்டை ரயில் திருத்துறைப்பூண்டியில் நிற்கிறது. அகஸ்தியம்பள்ளி டெமு அதற்கு முன்னால் வந்து சேர்வதும், அதன் பின்னால் புறப்படுவதும் நேர அட்டவணையை எழுதும் மேசையில் முடிகிற காரியம். திருச்சியிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வரும் ஒரு வண்டியை அகஸ்தியம்பள்ளி வரை நீட்டினால் இன்னும் நல்லது. புதிதாக ஒரு மீட்டர் தண்டவாளம்கூட வேண்டாம்.

தண்டவாளம் வேண்டிய இடம் வேறு. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010இல் ரயில் வந்தது. அங்கிருந்து திருக்குவளை வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போகும் புதிய பாதைக்கு ஒப்புதல் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மண் நிரவிய இடங்களைப் பார்க்கலாம், ரயிலைப் பார்க்க முடியவில்லை. அந்த இணைப்பு முடிந்தால் வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போகத் திருவாரூர் சுற்ற வேண்டாம். கால்வாய் வெட்டியவர்கள் 1860களில் கண்ட திசையை ரயில் ஒருவாறு எட்டும். வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்ற இரண்டு யாத்திரைத் தலங்களையும் ஒரே தடம் கோக்கும் என்பது கூடுதல் லாபம்.

உப்புக்கும் பாதை மட்டும் போதாது. முழு ரேக் விதியை அப்படியே வைத்துக்கொண்டு, உப்புக்காகவே பாதை போட்டோம் என்று சொல்வதில் பொருளில்லை. சிறு உற்பத்தியாளர்கள் கூட்டாகச் சேர்த்துவைத்து ஏற்ற மூடிய கிடங்கும், மழைக்கு ஒதுங்கும் நடைமேடையும், அரை ரேக்குக்கு அனுமதியும் இருந்தால்தான் லாரியிலிருந்து உப்பு தண்டவாளத்துக்குத் திரும்பும். இவை பெரிய முதலீடுகள் அல்ல. 294 கோடி செலவழித்த பிறகு எஞ்சும் சில்லறைச் செலவு.

கிளைத்தடங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி மூடப்பட்ட ஆண்டின் பயணிகள் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இணைப்பு ரயில்கள் எத்தனை அறுந்தன, சில்லறை வாகன் பதிவு எப்போது நின்றது, மாவட்ட எல்லை எங்கே மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியை மீண்டும் திறக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் 1986ஆம் ஆண்டுக் கணக்கே எடுத்து நீட்டப்படுகிறது என்றால், அந்தக் கணக்கை ஏற்க மறுக்க ஆய்வாளருக்கு உரிமை உண்டு. தெற்கு ரயில்வேயின் திருச்சிக் கோட்டம் அடுத்த கால அட்டவணை எழுதுவதற்கு முன்னால் வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் நின்று, யார் எந்த ஊருக்கு எந்த மணிக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.